யானைப்பறவையின் காலெலும்பு

பெலோஹா,
தெற்கு மடகாஸ்கர்,
6 ஏப்ரல் 2016

அன்புத் தங்கை மியாலிக்கு,

அண்ணன் ட்சிவேரி எழுதுவது. நாங்கள் நலம். தலைநகரில் நீயும் நலமாக இருப்பாய். இந்த வருடமும் மழை ஏமாற்றிவிட்டது. மரவள்ளி விரலளவுக்கு மேல் பருக்கவில்லை. உன் பின்னாலேயே சுற்றிய கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது.

அப்பா படுக்கையோடு இருக்கிறார். தினமும் ஒரே கேள்விதான்: "அந்தப் பொண்ணு எலும்பைக் கொண்டாந்தாளா?" நீ ஆராய்ச்சிக்குக் கொண்டுபோன அந்தக் காலெலும்பு எங்கள் முன்னோர் கல்லறையை ஒட்டிய சதுப்பில் எடுத்ததல்லவா? ஊரே கூடாது என்றபோது, "அவ என் தங்கச்சி மாதிரி, ஒரு வருஷத்துல திருப்பிக் குடுத்துடுவா" என்று நான்தானே முன்னால் நின்றேன். வருடம் முடிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, ஞாபகப்படுத்தத்தான் எழுதுகிறேன்.

அண்ணன்,
ட்சிவேரி

அந்தனானரிவோ,
20 மே 2016

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

பெரிய செய்தி! என்றோ அழிந்துபோன நம் ராட்சத யானைப்பறவைக்கு நெருங்கிய சொந்தம் எது தெரியுமா? பக்கத்து ஆப்பிரிக்காவின் நெருப்புக்கோழி இல்லை. எங்கோ நியூசிலாந்தில் இருக்கும், கோழியளவே ஆன கிவிப் பறவை! வெளிநாட்டுக்காரர்கள் முன்பே சொன்னதுதான். நம் எலும்பும் அதையே சொல்கிறது. இரண்டுக்கும் பொதுவான மூதாதை பறந்திருக்கிறது. இறங்கிய இடங்களில் சந்ததிகள் தனித்தனியே பறப்பதை விட்டிருக்கின்றன.

எலும்பு வெளிநாட்டு ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கிறது. அங்கே நடக்கும் கண்காட்சி முடிந்ததும் வந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
மியாலி

பெலோஹா,
11 ஆகஸ்ட் 2016

தங்கை மியாலிக்கு,

உன் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சித்தப்பா ரெசாக்கா சிரித்தார். "இந்தா இருக்கற நெருப்புக்கோழி சொந்தமில்லையாம், கண்காணாத குருவி சொந்தமாம்! அது கெடக்கட்டும், அவ உனக்கு என்னடா சொந்தம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

போன வியாழக்கிழமை அப்பா போய்விட்டார். வழக்கப்படி அடக்கத்துக்கு வெட்ட மாடுகள் சேர வேண்டும்; அதுவரை உடல் வீட்டில்தான். அடக்கம் நவம்பர் கடைசியில். அதற்குள் எலும்பு திரும்பாவிட்டால் நான் கல்லறைப் பக்கம் வரக்கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

மருத்துவமனை நர்ஸ் ஒரு பத்திரிகை காட்டினாள். எலும்போடு நீ நிற்கிறாய். தனியாகத் தேடிக் கண்டெடுத்தாயாம். "இது வேர்தானே அண்ணா?" என்று கேட்டுத் தாண்டிப்போனவள் நீ. போகட்டும், அதற்காகச் சண்டையில்லை. எலும்பை அனுப்பிவிடு.

ட்சிவேரி

அந்தனானரிவோ,
30 அக்டோபர் 2016

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா மறைவுக்கு வருந்துகிறேன். வேலை நெருக்கடியில் உடனே எழுத முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எலும்பில் ஒரு பகுதியைப் பொடித்துத்தான் சோதித்தார்கள். மீதி அவர்களுக்கே என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்போது வேறு வழியில்லை.

பார்சலில் அச்சில் வார்த்த நகல் வருகிறது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அடுத்த கட்டுரையில் உங்கள் பெயரைக் கட்டாயம் சேர்க்கிறேன். ஜனவரியில் முட்டை தேட எங்கள் குழு வருகிறது. நீங்கள்தான் வழிகாட்ட வேண்டும்.

மியாலி

பெலோஹா,
2 டிசம்பர் 2016

மியாலி அவர்களுக்கு,

பார்சல் வந்தது. பெரியவர்கள் முன்னால் நானே பிரித்தேன். வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் வாய் திறக்காமல் நீட்டினேன். நான் செய்த ஏமாற்று அது ஒன்றுதான்.

சித்தப்பா நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது. "செத்தவனை ஏமாத்த சுண்ணாம்பு கொண்டாந்தியாடா?" என்றார். நான் கொண்டுபோன காளையைத் திருப்பி ஓட்டிவிட்டார்கள்.

அடக்கத்தன்று சப்பாத்திக்கள்ளி வேலிக்கு வெளியே நின்றேன். சடங்குக்குத் துப்பாக்கி வெடித்தது, பெண்கள் அழுதது எல்லாம் கேட்டது. பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் தம்பிகள் மூன்று பேரும் போனார்கள். மூத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று யாரும் சொல்லவில்லை.

நாளை மனைவி, பிள்ளைகளோடு வடக்கே பிழைக்கப் போகிறேன். உங்கள் குழுவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் என் பெயர் வேண்டாம். கூப்பிட வேண்டிய இடத்தில் கூப்பிடாமலே முடித்துவிட்டார்கள்.

ட்சிவேரி