மூன்றாவது பெட்டிக்கு அறுபது சளி டப்பா

14 அக்டோபர் 2024
மாரிகுப்பம் காசநோய் முகாமுக்கு ஐந்து பேர் வந்தார்கள். ஐவரும் பென்ஷன்காரர்கள், போன முகாமுக்கும் இவர்களேதான். இருமுகிறவர்கள் எல்லாம் முதல் வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பத்து மணிக்கு முகாம் வைத்த புத்திசாலி யார்? நான்தான், ஆஷா சுகாதார ஊழியர் ஷோபா. எங்கள் பின்வரிசை வீட்டு மனோகர் ஒன்றரை மாதமாக இருமுகிறான். இரண்டு சின்னப் பெண்கள் அதே அறையில் தூங்குகிறார்கள். அந்த இருமல் என் காதிலேயே இருக்கிறது.

15 அக்டோபர்
ராத்திரி மனோகரை வீட்டில் பிடித்தேன். தூசி என்றான். விடாமல் கேட்டதும் உண்மை வந்தது. "சளி டெஸ்ட் டப்பா வாங்கினேன்னு தெரிஞ்சாலே போதும்க்கா. ரயில் பெட்டில எவன் என் பக்கத்துல குந்துவான்? பதினோரு வருசமா ஒண்ணாப் போய்க்கினு கீறோம்."

21 அக்டோபர்
பெரிய யோசனை என்று நினைத்து, விடியுமுன் பிளாட்பாரத்துக்கே போனேன். இருமல் இருப்பவர்கள் டப்பா வாங்கிக்கொள்ளுங்கள் என்று கத்தினேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது, ஒருத்தரும் இருமவில்லை. மனோகர் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஏறினான். சே, என்ன செய்துவிட்டேன்.

22 அக்டோபர்
நாள் முழுக்க வெட்கம்.

24 அக்டோபர்
லூயிசாக்கா வீடு தேடி வந்தார். பெங்களூரில் தையல் ஃபேக்டரி வேலை. மனோகரும் போகிற மூன்றாவது பெட்டியில் அவர் சொல்வதுதான் சட்டம். உட்காருவதற்கு முன்பே திட்டு. "இருமுறவன மட்டும் கூப்டா எவன் வருவான்? எங்க பெட்டில எல்லாருக்கும் குடு. இருமல் இல்லாதவங்க காலி டப்பாவே தரட்டும். எல்லாம் ஒரே மாதிரி கவர், பேரு கவருக்குள்ள துண்டுச் சீட்டுல."

இத்தனை ட்ரெய்னிங் போனேனே, எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

4 நவம்பர்
அறுபது கவர். லூயிசாக்காவே பெட்டி வாசலில் நின்று ஒவ்வொன்றாக வாங்கிப் பையில் போட்டுத் தந்தார். லேபில் டெக்னீஷியன் நாகேஷ் பிரித்தபோது பதினொன்றில்தான் சளி. ஒரு காலி டப்பாவின் சீட்டில் 'சுகர் எப்போ பார்ப்பீர்கள்?' என்று எழுதியிருந்தது.

பதினொன்றில் மனோகருடையதும் இருந்தது. எந்தச் சாமியோ, நன்றி.

7 நவம்பர்
ஒருவருக்குத்தான் இருக்கிறது. மனோகருக்கு.

9 நவம்பர்
மாத்திரை ஆரம்பித்தாயிற்று. பிள்ளைகளுக்கு நோய் இல்லை, தடுப்பு மாத்திரை மட்டும். நிம்மதியில் அவர்கள் வீட்டிலேயே அழுதுவிட்டேன். அவன் மனைவிதான் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். டாக்டர் அவனைச் சில வாரம் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்.

12 நவம்பர்
மனோகர் தானாகவே லூயிசாக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இன்னா சொன்னாங்க என்று கேட்டேன். "சரின்னு போன வெச்சிட்டாங்கக்கா."

அவ்வளவுதானா?

2 டிசம்பர்
டாக்டர் சரி என்றதும் மனோகர் இன்று வேலைக்குப் போனான். இருப்புக் கொள்ளாமல் நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். நல்ல குளிர். மற்ற பெட்டிகளில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மூன்றாவது பெட்டியில் அத்தனையும் திறந்திருந்தது. உள்ளே குல்லா, மஃப்ளர், போர்வை. ஒருத்தர் மூஞ்சியும் தெரியவில்லை. மனோகருக்கு நடுவில் இடம் விட்டிருந்தார்கள். அவன் உட்காராமல், எல்லாரும் நடுங்குகிறார்களே, சாத்திவிடட்டுமா என்று கேட்டான்.

லூயிசாக்கா ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். "டாக்டராண்ட நானே கேட்டுக்கினேன், காத்து வரணுமாம். தொறந்தே இர்க்கட்டும். நீ குந்து."