ஒட்டாமல் விட்ட படகு

பல்லடம்,
ஞாயிற்றுக்கிழமை.

அம்மணி,

"பாப்பா கண்ணுல படாம எங்காச்சும் வெச்சிருங்க மாமா"ன்னு நீ குடுத்துட்டுப் போன மரக்கப்பல் செய்யற பெட்டியைப் பிரிச்சுப்போட்டேன். கோவிச்சுக்காதே. எம்பையன் போன லீவுல கப்பல்ல இருந்து வந்தப்ப பாப்பாவுக்குன்னு ஆசையா வாங்குனது. மூடியே கெடக்க வேண்டாம்னு தோணுச்சு.

பலகையெல்லாம் ஒட்டறது சுளுவாத்தான் இருந்துச்சு. பாய்மரத்துக்கு நூல் கட்டும்போதுதான் வினையாப்போச்சு. தறிக்காரன் கை இல்லையா? தறியில பாவு நூலை இழுக்கற மாதிரி விறைப்பா இழுத்துக் கட்டுனேன், மரம் படக்குனு ஒடிஞ்சுபோச்சு. "கொஞ்சம் தொய்வாத்தான் கட்டுங்களேன், இதென்ன வேட்டியா நெய்யறீங்க?"ன்னு உன் அத்தை சத்தம் போட்டா. அவ வாயைத் தொறந்து எத்தனை நாளாச்சு! அதுக்காகவே இன்னொரு மரத்தை ஒடிக்கலாமான்னு இருந்துச்சு அம்மணி.

ஒடிஞ்சதை ஒட்டி நிறுத்தி, கப்பலை முடிச்சுட்டேன்.

மேல்தட்டுல வெக்கறதுக்கு வெரல் நீளத்துல ஒரு படகு இருக்குது. பசை போட்டு ஒட்டச் சொல்லிப் படம் போட்டிருக்காங்க. நான் ஒட்டலை. அன்னைக்குக் கப்பல் முழுகறப்ப படகை இறக்கவே முடியலைன்னு பையனோட கூட்டாளி வந்து சொன்னானே, அதைக் கேட்டதுக்கப்புறம் எப்படி ஒட்டறது? நூல்ல சுருக்குப் போட்டுக் கட்டியிருக்கேன். தறியில நான் போட்ட முடிச்சு ஒண்ணும் அவுந்ததில்லை. இது அவுழோணும்னே போட்டது.

பாப்பாகிட்ட அவ அப்பனைப் பத்தி எப்பச் சொல்றதுங்கறது உன் இஷ்டம். சொன்னதுக்கப்புறம் ஒருக்கா கூட்டிட்டு வா. அவ சுண்டுவெரல்ல இழுத்தாலே போதும், படகு எறங்கீரும்.

உன் மாமா