பின்பலகை திறந்துகொண்ட சனிக்கிழமை

ஏப்ரல் 14, ஞாயிறு

கிட்டாரின் உள்ளே குறுக்குச் சட்டங்களை நேற்றே ஒட்டியாயிற்று. இன்று பின்பலகையையும் மூடிவிட்டேன். ஏரிவீட்டில் குளிர், விரலெல்லாம் விறைத்துவிட்டது. பசை பூசுமுன் மரத்தைச் சூடாக்க வேண்டுமாம், கிட்டார்ப் பாகங்களோடு பெட்டியில் வந்த தாள் சொல்கிறது. இருபது வருடமாகப் பல் மருத்துவரிடம் பசை குழைப்பவள் நான். எனக்குத் தாள் பாடம் எடுக்கிறது!

அக்கா இர்மெலி போனில் சிரித்தாள். "சமையலறை ஸ்டூல் ரெண்டு வருஷமா ஆடுது. அதைச் சரி பண்ணத் துப்பில்ல, கிட்டார் செய்யறாளாம்!" ஐம்பத்து மூன்று வயதில் எனக்கே எனக்கென்று ஒன்று செய்கிறேன். அது அவளுக்குச் சிரிப்பு.

எலிக்குப் பயந்து கிட்டாரைச் சவுனாவின், எங்கள் நீராவிக் குளியலறையின், மேல்பலகையில் வைத்திருக்கிறேன். அடுப்பு மூட்டாத நாளில் அதைவிட உலர்ந்த இடம் இங்கே இல்லை.

ஏப்ரல் 27, சனி

பாவி. பாவி. பாவி.

ஏப்ரல் 28, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

நான் வருவதற்குள் சவுனா சூடாக இருக்கட்டும் என்று அக்கா மதியமே வந்து மூட்டியிருக்கிறாள். கிட்டாரை எடுத்து உடைமாற்றும் அறையில், கதவை ஒட்டி வைத்தாளாம். அடுப்பின் மேலுள்ள சுடுகல்லில் தண்ணீர் ஊற்றினால் ஆவி அங்கேதானே போகும்? பின்பலகை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"ஒரு வார்த்தை கேட்டியா?"

"சனிக்கிழமை சவுனா மூட்டறதுக்கு யாராவது கேட்பாங்களாடி?"

"இனிமே இங்க காலை வைக்காதே!"

பாதி வீடு அவளுடையது. அதைக்கூடச் சொல்லாமல் துண்டை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டாள்.

மே 4, சனி

வரவில்லை. வராவிட்டால் போகட்டும். தனியாக மூட்டினேன். அப்பா இறந்த வாரம்கூட நாங்கள் சேர்ந்துதான் குளித்தோம். பத்தே நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

மே 12, ஞாயிறு

பின்பலகையை முழுக்கப் பிரித்தேன். உள்ளே ஒரு சட்டம் கழன்று கிடந்தது. மற்றவையும் தொட்டதும் கையோடு வந்தன. அடியில் பசை மரத்தைப் பிடிக்காமலே தனியாக உறைந்திருக்கிறது. ஆவி பட்டிருந்தால் இளகி வழிந்திருக்கும். இது குளிர்ந்த மரத்தில் பூசிய பசை. தந்தி கட்டியிருந்தால் முகப்பே உள்ளே போயிருக்கும்.

நான் செய்த கோணல் வேலைக்கு அவளை விரட்டினேனே! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மே 13, திங்கள்

சொல்லத்தான் வேண்டுமா? அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது?

மே 15, புதன்

சொல்லிவிட்டேன். போனில் அக்கா சொன்னாள்:

"தெரியும்டி. அன்னிக்குத் தூக்கும்போதே உள்ள கடகடன்னுச்சு. ஓட்டை வழியா பாத்தேன், கட்டை கழண்டு கிடந்துச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"உன் மூஞ்சியைப் பாத்தேன். என்னாலேன்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. கத்த வாயெடுத்தேன், அழுகை முந்திக்கொண்டது.

மே 18, சனி

மதியமே வந்துவிட்டாள். கல்லில் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை மெல்ல எரியவிட்டு மரத்தைக் கதகதப்பாக்கித் தந்தாள். நான் பசை பூசினேன், அவள் சட்டத்தை அழுத்திப் பிடித்தாள். "கையை எடுக்காதே!" என்று இரண்டு முறை கத்தினேன். அவள் எடுக்கவில்லை.