சுண்ணாம்புக் குழி ஆட்களுக்கு ராத்திரியில் ஊட்டிவிட அனுமதி கேட்டு

அனுப்புகிறவர்:
சி. தனகோடி, வயது எழுபதுக்கு மேல் (சரியாகச் சொல்லக்கூடியவர்கள் யாரும் உயிரோடு இல்லை),
தோல் ஷாப்பு ராத்திரிக் காவல்,
பாலாற்றங்கரை, ஆம்பூர்,
வட ஆற்காடு ஜில்லா.

பெறுகிறவர்:
மகா கனம் பொருந்திய ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் துரை அவர்கள் சமூகம்,
முகாம்: வேலூர்.

சங்கதி: ராத்திரி வேலை ஆட்களுக்கு நடுச்சாமத்தில் சோறு ஊட்டக் கூடாது என்று போட்ட தடையை எடுத்துவிடக் கோருவது.

மதிப்புக்குரிய ஐயா,

அடியேன் மூன்றாம் வகுப்பு வரையில் படித்தவன். நான்காம் வகுப்பு வாத்தியார் என் முகத்தைப் பார்த்ததும் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆகையால் எழுத்தில் குற்றம் இருந்தால் அவர் பேரில் எழுதிக்கொள்ள வேண்டியது. இதைத் துரையவர்களுக்குப் படித்துச் சொல்லும் குமாஸ்தா ஐயா நடுவில் சிரிக்காமல் இருக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். சங்கதி சிரிப்பாக ஆரம்பித்தாலும் ஒரு ஆளின் உயிர் இதில் இருக்கிறது.

1. எங்கள் தோல் ஷாப்பில் பச்சைத் தோலைப் பதனிடுகிறோம். வெயில் காலத்தில் சாயங்கால ரயிலில் வந்து இறங்கும் தோல் விடியும்வரை காத்திருக்காது, அழுகிவிடும். அன்று ராத்திரியே சுண்ணாம்புக் குழியில் போட்டுப் புரட்டியாக வேண்டும். இந்த வேலையை ஆறு பேர் விளக்கு வைத்ததிலிருந்து கோழி கூவும்வரை செய்கிறார்கள். சுண்ணாம்பு தோலின் மயிரைத் தின்கிறது. ஆளின் கையைக் கண்டாலும் அதற்கு வித்தியாசம் தெரிவதில்லை. அதனால் குழியில் இறங்குமுன் முழங்கைக்கு மேல்வரை புங்கெண்ணெய் பூசிக்கொள்வார்கள். அந்த எண்ணெய் விடியும்வரை கையில் இருக்க வேண்டும். நடுவில் கழுவினால் போயிற்று. ஊறிய கையில் மறுபடி எண்ணெய் ஒட்டாது, சுண்ணாம்பு நேரே விரலுக்குள் போகும்.

2. இப்போது துரையவர்கள் கேட்பீர்கள், அப்படியானால் அவர்கள் நடுவில் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று. அங்கேதான் அடியேன் வருகிறேன். எனக்கு முழங்கால் மடங்குவதில்லை, குழிக்கு உதவ மாட்டேன். ஆனால் என் கை காய்ந்த கை. நடுச்சாமத்தில் ஆறு பேரும் கிணற்று மேட்டில் வரிசையாக உட்காருவார்கள், கையைத் தொடைமேல் படாமல் நீட்டி வைத்துக்கொண்டு. நான் வெந்நீரில் கை கழுவி, உருண்டை பிடித்து, ஒவ்வொரு வாயிலாகப் போடுவேன். எங்கள் ஷாப்பில் எனக்கு முந்தியும் இந்த வழக்கம் இருந்தது. எனக்கு முந்தி ஊட்டியவரின் கையால் நானே தின்றிருக்கிறேன்.

3. இதில் நான் கண்ட அதிசயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பகலில் ஒரு மாட்டுத்தோல் கட்டைத் தனியாகத் தூக்குகிற ஆள், மீசையை முறுக்குகிற ஆள், ராத்திரி என் முன்னால் கண்ணை மூடி வாயைத் திறக்கிறான். இருட்டில் நான் என்ன போடுகிறேன் என்று பார்ப்பதில்லை. இந்த உலகத்தில் ராஜாவுக்கும் இந்த நம்பிக்கை கிடைத்திருக்குமா என்று தெரியாது. அந்தோணி என்கிறவன் ஒரு நாள் சொன்னான், “தாத்தா, மாதா கோயில்ல சாமியார் நாக்குல அப்பம் வச்சு நன்மை குடுக்குறப்ப கூட எனக்கு இவ்ளோ அடக்கம் வந்ததில்ல.” நான், “அது சரி, சாமியார் உனக்கு ரெண்டாம் தபா போடமாட்டாரு, அதான்” என்றேன். ஆனாலும் எனக்கு உள்ளே சிலிர்த்துப் போயிற்று.

4. அப்துல் கரீம் என்பவர் முந்தி கோதாவில் மல்யுத்தம் செய்தவர். கழுத்து எது தலை எது என்று தெரியாத உடம்பு. அவருக்கு ஒரு ராத்திரி விளையாட்டாக உருண்டைக்குள் முழுப் பச்சைமிளகாய் வைத்தேன். அவர் மெதுவாக மென்று, விழுங்கி, “இன்னொண்ணு குடு தோஸ்த்” என்றார். அன்றைக்கு நான்தான் தோற்றேன். அந்தக் கரீம்தான் சாப்பிட்ட பிறகு எல்லாரையும் எழுப்பிக் கிணற்றைச் சுற்றி நடக்க வைப்பார், பஸ்கி போட வைப்பார். உட்கார்ந்தே இருந்தால் தூக்கம் கண்ணுக்குள் புகுந்துவிடும் என்பார். கை தரையில் படக் கூடாது என்பதால் தண்டால் கிடையாது. மூர்க்கமான ஆறு உடம்பும் ஒரே மூச்சில் இறங்கி ஏறுவதைப் பார்த்தால் குழியில் இருக்கிற தண்ணீரும் கூட ஏறி இறங்குவது போலத் தோன்றும்.

5. சமையல் எல்லம்மாவுடையது. பகலில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற பெண். நடுவில் கொஞ்ச காலம் ஊட்டும் வழக்கம் விட்டுப்போயிருந்தது. அப்போது இவர்கள் சாயங்காலம் பானை சோறு தின்றுவிட்டு வந்து, நின்றுகொண்டே தூங்குவார்கள். விடிந்ததும் வயிறு எரிகிறது என்று படுப்பார்கள், தூக்கமும் வராது. எல்லம்மா ஒரு நாள், “சாயங்காலம் கம்மியா தின்னுட்டு வாங்க, மிச்சத்த நடுவுல நான் தர்றேன், மாட்டுக்குக்கூட பிரிச்சுத்தான் தீனி வைப்பாங்க” என்று எல்லார் முன்னாலும் அதட்டினாள். கேழ்வரகுக் களி, கொள்ளுக் கடைசல், முருங்கைக்கீரை, மேலே நீர்மோர். உருண்டை நெல்லிக்காயை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். வெற்றிலை, பீடி எல்லாம் விடிந்த பிறகு. அந்த வெயில் கால முடிவில் பார்த்தால் ஆட்களின் கண்ணில் மஞ்சள் போய்விட்டது. வேலு என்கிறவன் ஒட்டகம் மாதிரி எலும்பாய் இருந்தவன், சதை போட்டுவிட்டான். அவன் பெண்டாட்டி தேவகி ஷாப்பு வாசலுக்கு வந்து, “யார் இவுரு, என் வூட்டுக்கு அனுப்பிட்டீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனாள். வேலு இரண்டு நாள் வெட்கத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வேலைக்கு வந்தான்.

6. சித்திரையில் புது மானேஜர் சம்பத் ஐயா சென்னையிலிருந்து வந்தார். நல்லவர், சின்ன வயது, சட்டையில் எப்போதும் மடிப்புக் கலையாது. வந்த அன்றே ராத்திரி பார்வையிட விளக்கோடு வந்தார். கிணற்று மேட்டில் ஆறு ஆண்பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்க, ஒரு கிழவன் வரிசையாக ஊட்டிக்கொண்டு போகிறான். ஐயா, இதைக் கண்டால் யார்தான் என்ன நினைப்பார்கள்? அவர் முதலில் ஏதோ சாமி காரியம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார். பிறகு சங்கதி தெரிந்ததும், கையை அசைக்கவும் சோம்பல் பட்டு ஆள் வைத்துத் தின்கிறார்கள் என்று கோபம் வந்தது. ஒருவன் கை ஆறு வாயில் படுவது சுகாதாரக் கேடு, நடுச்சாமத்தில் தின்றால் ஜீரணம் கெடும் என்று தங்கள் சமூகத்துக்கு ரிப்போர்ட் எழுதினார். அது போய்ச் சேருமுன்பே ஊட்டுவதை நிறுத்தினார். நாங்கள் எண்ணெய், சுண்ணாம்பு என்று சொன்னதெல்லாம் அவருக்குச் சாக்குப்போக்காகப் பட்டது.

7. ஆனால் அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. தம் சொந்தக் கையிலிருந்து ஆறு ஸ்பூன் வாங்கிக் கொடுத்தார். புது ஸ்பூன், முகம் தெரியும் பளபளப்பு. அந்தோணி அதில் மீசையைச் சரிசெய்துகொண்டான். அதோடு அதன் உபயோகம் முடிந்தது. கையிலிருந்த எண்ணெயும் சுண்ணாம்பும் காம்பு வழியாக வடிந்து களிக்குள் இறங்கின. வேலுவின் உதடும் நாக்கும் வெந்துபோயின. அந்தோணி சாம்பல் போட்டுக் கை கழுவித் தின்று பார்த்தான், விடியும்போது விரல் நுனியெல்லாம் சிவப்பு. அப்புறம் யாரும் நடுவில் சாப்பிடவில்லை. எல்லம்மா மட்டும் கொஞ்ச நாள் பழக்கத்தில் களி கிண்டிவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

8. வேலுவுக்கு நாக்கு வெந்ததால் சாயங்காலமும் சோறு இறங்கவில்லை. வெறும் வயிற்றோடு வேலை செய்தவன், போன அமாவாசைக்கு மறுநாள், தோலைக் கோலால் இழுத்துக்கொண்டே இருந்தவன், சத்தமில்லாமல் குழிக்குள் சாய்ந்தான். நான், எண்ணெய் பூசிய ஆட்கள் யாராவது ஓடி வாருங்கள் என்று கூவினேன். கரீம் அந்தக் கோடிக் குழியிலிருந்து ஓடி வந்தார். அதற்குள் ஒரு ஆள் குதித்துவிட்டார். யார் என்றால், கூச்சல் கேட்டுத் தம் ரூமிலிருந்து ஓடி வந்த மானேஜர் சம்பத் ஐயா. சட்டை, கடிகாரம், கண்ணாடி எல்லாவற்றோடும். எண்ணெய் கிடையாது, எண்ணெய் பூச நேரமும் கிடையாது. மார்பளவு சுண்ணாம்பில் நின்று வேலுவின் தலையை இரண்டு கையாலும் மேலே பிடித்துக்கொண்டு, “கண்ணைத் திறக்காதே, வாயைத் திறக்காதே” என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐயா, எனக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. கிண்டல் பண்ணாமல் நான் ஒரு மனிதனைப் பார்த்து நின்றது அன்றைக்குத்தான்.

9. கடவுள் கிருபையால் வேலுவின் கண் தப்பியது. மானேஜர் ஐயாவின் கை தப்பவில்லை. ஏற்கெனவே காகிதம் கிழித்த காயம் இருந்த கை, இரண்டும் வெந்து, வேலூர் டாக்டர் மணிக்கட்டு வரை துணி சுற்றிவிட்டார். ஒண்டி ஆள், ஷாப்பு ரூமிலேயே ஜாகை. யார் ஊட்டுவது? நான் போனேன். முதல் நாள் அவர் வாயைத் திறக்கவில்லை, பசியில்லை என்றார். நான், “இன்னா ஐயா வெக்கம்? கரீம் பாயே திறக்கிறாரு. உங்களுக்கு அதைவிட சின்ன வாய்தான்” என்றேன். சிரித்துவிட்டார், சிரித்தபோது வாய் திறந்தது, போட்டுவிட்டேன். மூன்றாவது உருண்டையில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் ஜாஸ்தி என்றார். நான் ஊட்டியது மோர்சாதம்.

10. இப்போது மானேஜர் ஐயாவே இந்தத் தடை தப்பு என்கிறார். ஆனால் முதலாளி, “பேப்பர் மேலே போய்ட்டுது, மேலேர்ந்து வார்த்தை வர்ற வரைக்கும் நான் எதையும் மாத்தமாட்டேன், எனக்கு ஏன் பேஜாரு” என்கிறார். அவர் பயத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் வயிற்றுக்கு அந்த நியாயம் புரிவதில்லை. ஆட்கள் இன்னும் விளக்கு வைத்ததிலிருந்து விடியும்வரை பட்டினி. வேலு வருகிற திங்கட்கிழமை குழிக்குத் திரும்புகிறான். அவன் நாக்கு இன்னும் சாயங்காலச் சோற்றுக்குத் தயாராகவில்லை. ஈரமான சின்ன உருண்டை நடுராத்திரியில் உள்ளே போகாவிட்டால் அவன் மறுபடி சாய்வான். இரண்டாம் தடவை குதிக்க எங்களிடம் வெந்த கை மானேஜர் ஒருவர்தான் இருக்கிறார், அவர் குதித்துவிடுவார் என்பதுதான் என் பயம்.

ஆகையால் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது: நடுச்சாமத்தில் அரை மணி ஓய்வும், காய்ந்த கையுள்ள ஒரு ஆள் ஊட்டிவிட அனுமதியும் திங்கட்கிழமைக்குள் உத்தரவாக வர வேண்டும். சுகாதாரம் குறித்துச் சந்தேகம் இருந்தால் என் நகங்களைப் பரிசோதிக்கலாம். ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் கிண்ணம், உருண்டை வாய்க்குள் விழும், விரல் உதட்டைத் தொடாது, அந்தக் கைத்திறமை எனக்கு உண்டு. நேரில் பார்க்க விரும்பினால் துரையவர்கள் ஒரு ராத்திரி வரலாம். வரிசையில் ஏழாவது இடம் காலியாக இருக்கிறது. பச்சைமிளகாய் வைக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன், முதல் நாள் மட்டும்.

திங்கட்கிழமை ராத்திரி வேலுவின் வாய் திறக்கும்போது என் கை வெறுமையாக இருக்கக் கூடாது என்பதே என் விண்ணப்பம்.

ஆம்பூர்,
1935 ஜூன் 5.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
சி. தனகோடி (சொந்தக் கையெழுத்து)

சாட்சிகள்: அந்தோணி, அப்துல் கரீம், எல்லம்மா (இடது பெருவிரல் ரேகைகள். அந்தோணியின் ரேகை சுண்ணாம்பில் பாதி அழிந்துவிட்டது, இருக்கிற பாதி அவனுடையதுதான்).

கீழே கோணலாக இருக்கும் கோடு, மானேஜர் சம்பத் ஐயா பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, நான் காகிதத்தைப் பிடிக்க, தானே இட்ட கையொப்பம். தம்முடைய முந்தைய ரிப்போர்ட்டை இதனால் வாபஸ் வாங்குவதாகச் சொல்கிறார்.