புரளாத கல்

அன்புள்ள பிடிவாதக்காரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? சின்னவள் அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டுகிறோம் என்றேன் அல்லவா? நாலு கால் வைத்த கான்கிரீட் கற்களைக் கிரேனில் தூக்கி, ஒன்றோடொன்று கால் பின்னும்படி கடலில் இறக்குவது என் வேலை. கடலுக்கு முகம் காட்டும் கற்களில் ஆளுக்கொரு பெயரைப் பெயின்டில் எழுதுவது இங்கே வழக்கம். நான் உன் பட்டப்பெயரை எழுதினேன்.

போன வாரம் கொஞ்சம் காற்று அடித்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தால், மேஸ்திரி தன் மாமியார் பெயரை எழுதிய கல்கூடப் புரண்டு கிடந்தது. உன் கல் வைத்த இடத்திலேயே நின்றது. அதற்குப் பின்னால் படகுகள் எல்லாம் பத்திரமாக ஆடிக்கொண்டிருந்தன.

"உன் வீட்டுக்காரம்மா ஒரு இன்ச் கூட நகரலையேப்பா" என்றார் மேஸ்திரி.

"வீட்லயும் அப்படித்தாண்ணே, நான்தான் நகரணும்" என்றேன். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு வலித்துவிட்டது.

ஒரு கம்பளிக் குல்லா அனுப்பு. அன்றைக்கு அந்தக் காற்றில் கிரேனைக் கட்டிப்போடப் போனபோது பழையது கடலுக்குள் பறந்துவிட்டது. குல்லா மட்டும்தான், பயப்படாதே. புதியதை ஒருநாள் நீ போட்டிருந்துவிட்டு அனுப்பு.

எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். இன்றைக்கு இறக்கும் கல்லில் என் பெயர் எழுதியிருக்கிறேன். உன் கல்லோடு கால் பின்னித்தான் வைக்கப்போகிறேன்.

உன்னவன்