வேரில்லாமல் பூத்த மந்தாரை

என் உயிரான மயினி,

நீ போய் ஐந்து மாசம் ஆகிறது. அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுகிறான். முதலில் இதைச் சொல்லிவிட்டால் மற்றதை நீ நிம்மதியாகக் கேட்பாய். நமக்குள் ஒரே வயசு என்றாலும், என் அண்ணனைக் கட்டிக் கரமனை வீட்டுக்கு நீ வந்த நாளிலிருந்து மயினி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இப்போது கூப்பிட்டாலும் கேட்கிறதா?

நம் கடைசிச் சண்டை நினைவிருக்கிறதா? கட்டிலில் படுத்தபடி பார்க்க ஜன்னலோரம் ஒரு மந்தாரை வேண்டும் என்றாய். பின்பக்கத்து மரம் வரை நடக்க உனக்கு முடியவில்லை.

"மந்தாரைய விதை போட்டுத்தான் வளக்கணும். கம்பு நட்டா வேர் பிடிக்கது பாடு" என்றேன்.

"விதை போட்டா பூ காண ரெண்டு வருசம் ஆகும்ட்டி. கம்புன்னா பூக்கிற அந்த மரந்தானே, சீக்கிரம் பூத்திரும். எனக்கு எங்க நேரம் இருக்கு?"

பென்சில் கனத்தில் ஆறு கம்பு வெட்டி வந்தேன். ஒரே தொட்டியில் நீயே நட்டாய். மூன்றாம் வாரம் உன்னை ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம். நீ திரும்பி வரவில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு பார்த்தால், ஐந்து கம்பு காய்ந்திருந்தது. ஒன்று மட்டும் துளிர்த்திருந்தது. அண்ணன் அந்தத் தொட்டியைத் தூக்கிவந்து உன் கட்டிலில், நீ படுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டான்.

பக்கத்து வீட்டு ரமணிதான் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்துச் சொன்னாள். "சேச்சி, அண்ணன் தனியா இருந்து ஆரோடயோ சம்சாரிக்கிறாரு. எனக்குப் பேடியா இருக்கு, கேட்டோ." ஆளில்லாத வீட்டில் அவன் யாரோடு பேசுகிறான் என்று அவளுக்குப் பயம்.

அன்று பள்ளிக்கூட வேலை முடிந்ததும் நேரே கரமனைக்குப் போனேன். ஈரம் காயாமல் இருக்கக் கம்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்திருந்தான். உள்பக்கமெல்லாம் ஆவி படர்ந்திருந்தது.

"பாத்தியா, மூச்சு விடுகா" என்றான். நீ மூச்சு விடுகிறாயாம்.

பொழுது சாயச் சாய, கவருக்குள் இருந்த நாலு இலையும் கை கூப்பினது போல மெல்ல மடங்கின. மந்தாரை இலை அப்படித்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் அண்ணன் உதட்டில் விரல் வைத்து, "மெதுவாப் பேசு, உறங்குகா" என்றபோது நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

மறுவாரம் மொட்டு வந்திருந்தது. அண்ணன் குளிக்கப் போன நேரம் பார்த்து, நான் கவரை நீக்கிக் கம்பை லேசாகத் தூக்கினேன். வெண்ணெயில் இருந்து கத்தியை எடுப்பது போல வந்துவிட்டது. ஒரு வேர் இல்லை. அடி கறுத்துப் போயிருந்தது. பழைய மரத்தின் சத்து கம்புக்குள் மிச்சம் இருந்தால், வேரில்லாமலே கொஞ்ச நாள் துளிர்க்கும், பூக்கக்கூடச் செய்யும். அந்த நேரம் பின்பக்கம் டப்பென்று ஒரு சத்தம். காய்ந்த மந்தாரை நெற்று வெயிலில் வெடித்து விதையை எறிகிற சத்தம்தான். எனக்கோ, நீ என் கன்னம் வழித்து நெட்டி முறிக்கிற சத்தமாகவே கேட்டது. கம்பை அப்படியே மண்ணில் செருகிவிட்டேன்.

நீ போன முப்பதாம் நாள் காலையில் அண்ணன் போன் பண்ணினான். "வா, வந்துட்டா."

போனேன். வெள்ளை வெளேரென்று ஒரு பூ. பக்கத்தில் இரண்டு டம்ளர் காப்பி. இனியும் மறைத்தால் இவனை இழந்துவிடுவோம் என்று தோன்றியது.

"அண்ணே, இதுல வேரில்ல."

"தெரியும். தெனமும் பிடுங்கிப் பாக்கேன்லா."

தினமும் பிடுங்கினால் எது வேர் பிடிக்கும்?

"ஆசுபத்திரியில அவ கேட்டா, வேர் பிடிச்சிட்டான்னு. பிடிச்சிட்டுன்னு சொன்னேன். அத உண்மையாக்கணும்லா?" என்று சொல்லி, பூவின் முன்னால் உட்கார்ந்து அழுதான். நீ போன அன்றுகூட அவன் அழவில்லை, மயினி. அவன் சொன்னதை நீ நம்பினாயா? நம்பினது போல இருந்தாயா?

மறுநாள் பூ உதிர்ந்தது. பத்து நாளில் கம்பு சுள்ளியானது. அண்ணன் தொட்டியை எடுக்கவும் இல்லை, தண்ணீர் விடவும் இல்லை. அறையைப் பூட்டிவிட்டு முன்னறையில் படுக்கத் தொடங்கினான்.

போன ஞாயிறு வீடு பெருக்க, அந்த அறையை அண்ணனைத் திறக்கச் சொன்னேன். சுள்ளியைச் சுற்றி மூன்று நாற்று. ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், விரலால் அளந்து போட்டது போல. மண் ஈரமாக இருந்தது.

"நீயா விதை போட்டே?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"நானா? நீயாக்கும்னுல்லா நெனச்சேன்."

"சாவி உன்கிட்டதானே இருக்கு?"

இடுப்பில் தொட்டுப் பார்த்தான். இருந்தது. இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம். உள்ளே கொண்டி போட்டிருந்தது.

வெடித்த நெற்று எத்தனை தூரம் எறிந்தாலும், சாத்திய ஜன்னலைத் தாண்டுமா? விதையே வேண்டாம் என்றவள் நீதானே?

அண்ணன் அடுக்களைக்குப் போனான். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, மூன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். இந்த முறை எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. அடுத்த மாசம் நான் பெட்டியோடு அங்கே குடி வந்துவிடுகிறேன். அவன் இனித் தனியாக இருக்க மாட்டான், இது சத்தியம்.

அந்த ஜன்னலுக்கும் இனிக் கொண்டி போட மாட்டேன், மயினி.

உன் நாத்தனார்,
பகவதி