சிவப்பு அம்பு ஒட்டிய வரி

ஆயிரம் தையலில் பிசகிய ஒன்றை விரலாலேயே கண்டுபிடிக்கும் என் அம்மாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பொம்மனஹள்ளி வீட்டைக் காலி செய்துவிட்டேன். உன் பீரோவில் என் கல்லூரி விண்ணப்ப ஃபைல் இருந்தது. அதைத் திறந்த நாளிலிருந்து உன் போட்டோவை நேராகப் பார்க்க முடியவில்லை.

'உங்களை உருவாக்கிய போராட்டம் எது?' விண்ணப்பத்தில் கேட்டிருந்த கட்டுரை இதுதான். பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற இடம். ஏழைப் பெண்ணுக்கு முழு உதவித்தொகை உண்டு, ஆனால் அவள் ஏழ்மை அவர்கள் மனசை உருக்க வேண்டும். கார்மென்ட்ஸில் நாளெல்லாம் நின்றபடி சட்டைகளைச் செக்கிங் பண்ணி உன் கால் நரம்பு புடைத்தது யாரை உருக்கும்? அதனால் எழுதினேன்: என் அம்மாவுக்கு எழுத்தே தெரியாது, பதினேழு வயதில் எனக்குக் கல்யாணம் பண்ணப் பார்த்தாள், அவளை எதிர்த்துத்தான் படித்தேன்.

நீயா அம்மா? பஸ் போர்டு பார்த்தே கன்னடம் படிக்கக் கற்று, ஃபேக்டரி நோட்டீஸை உன் தையல் லைனில் இருந்த எல்லாருக்கும் வாசித்துக் காட்டியவள் நீ. வரன் கொண்டுவந்தது மாமா. "பையன் தங்கமான பையன்க்கா" என்றார். "அவ்ளோ தங்கமா இருந்தா நீயே கட்டிக்கோடா. அவளுக்கு எக்ஸாம் இருக்குது" என்றாய். காபியைக்கூட முடிக்காமல் ஓடினாரே!

பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். லதா மிஸ்ஸிடம் கேட்டேன். "நாப்பது பேருக்கு நான் எங்கடி எழுதறது? நீயே எழுதிட்டு வா, சைன் போட்டுத் தரேன்" என்றார். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வாங்கினார்கள். மிஸ் பெயரில் நானே என்னைப் புகழ்ந்தேன். அதிலும் உன்னைப் பற்றிய அந்தப் பொய்யை ஒரு வரியாகச் சேர்த்தேன். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, என் எதிரில் உட்கார்ந்தாய். "காலேஜுக்கு இன்னாடி எழுதின? படி, கேக்கறேன்." கட்டுரை இங்கிலீஷில் இருந்தது. தமிழில் சொல்வது போல நடித்து, அங்கே இல்லாத வேறொரு கட்டுரையை வாசித்தேன். நீ நோட்டீஸ் படித்ததை, மாமாவை விரட்டியதை. மாமா ஓடிய இடத்தில்கூட நீ சிரிக்கவில்லை.

"நல்லா இருக்குது. இதையேதான் அனுப்பப் போறியா?"

"ஆமாம்மா."

"சரி" என்று எழுந்து அரிசி களையப் போனாய். அடுத்த நாள் அந்தப் பழைய கட்டுரையையே அனுப்பினேன். இடம் கிடைத்தது. தெருவெல்லாம் நீ ஸ்வீட் கொடுத்தாய்.

ஃபைலில் பரிந்துரைக் கடிதத்தின் நகல் இருந்தது. உன்னைப் பற்றிய அந்த வரியின் ஓரத்தில், பிசகிய தையலைக் காட்ட ஃபேக்டரி செக்கிங்கில் நீங்கள் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். உனக்கு இங்கிலீஷ் தெரியாதே?

மிஸ்ஸைத் தேடிப் போனேன். அவருக்கும் தலை நிமிரவில்லை. "உங்கம்மா மைசூர்பாக்கோட தேங்க்ஸ் சொல்ல வந்தாங்க. எங்கிட்ட இருந்த நகலப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. அப்பதான் நானே மொத தடவ படிச்சேன். அந்த வரி எங்க இருக்குதுன்னு கேட்டாங்க, வெரல் வெச்சுக் காட்டினேன். நகல வாங்கிட்டுப் போனாங்க." எந்த நாள் என்று கேட்டேன். கையெழுத்துப் போட்ட மறுநாள் என்றார். நீ என் எதிரில் வந்து உட்கார்ந்த அதே நாள்.

தெரிந்துதான் கேட்டாயா? கட்டுரையை இன்னும் அனுப்பவில்லை என்று தெரிந்துதான் வாய்ப்புக் கொடுத்தாயா? ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா?

இப்போது வெள்ளிக்கிழமைக்குள் உதவித்தொகையைப் புதுப்பிக்க வேண்டும். அதே கதையை இன்னும் விரிவாக எழுதித் தரச் சொல்கிறார்கள், பணம் கொடுக்கிறவர்களுக்கு அனுப்புவார்களாம். மகளை அமுக்கும் ஏழைத் தாய் என்றால்தான் அவர்களுக்கு நிம்மதி. அந்தத் தாயை அவர்களுக்குச் செய்து கொடுத்தவள் நான்.

அம்பு ஒட்டிய சட்டையைக் குப்பையில் போட மாட்டோம், தைத்தவளிடமே திருப்பிக் கொடுப்போம், பிரித்துத் தைக்கட்டும் என்று சொல்வாயே. அன்று உனக்கு வாசித்துக் காட்டியதைத்தான் வெள்ளிக்கிழமை கொடுப்பேன். முதலில் எழுதியது பொய் என்றும், மிஸ்ஸின் கடிதம் என் கை எழுதியது என்றும் அதிலேயே இருக்கும். உதவித்தொகை போனால் போகட்டும் என்று வீரம் பேச மாட்டேன், பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொடுப்பேன் அம்மா. இந்தத் தடவை நான் வாசித்ததுதான் போகும்.

தைத்ததைப் பிரித்துக்கொண்டிருக்கும்
உன் மகள்,
செல்வி